கூண்டு முயலுக்குக் கொய்யாக் குச்சி, குருவிக்குத் தினைக்கதிர்!

நெய்வேலி நகரியத்தில் வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய குடியிருப்புகளில் வீட்டைச் சுற்றித் தோட்டம் போட இடம் உண்டு. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு உருவான ஊர் இது. கொய்யா, முருங்கை, பலா, செம்பருத்தி என்று ஏதாவது ஒரு மரம் செடி இல்லாத தோட்டம் குறைவு. அந்த நிழலிலேயே முயல் கூண்டு, லவ் பேர்ட்ஸ் கூண்டு, நான்கைந்து நாட்டுக்கோழி என்று வளர்க்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு ஜோடி முயல் வாங்கி விடுவது சகஜம்.

தீனி போடுவதில் யாரும் குறை வைப்பதில்லை. கிண்ணம் நிறையக் கம்பு, தவிடு, கடையில் வாங்கிய குச்சித்தீவனம் எல்லாம் இருக்கும். ஆனாலும் முயல் திடீரென்று தின்பதை நிறுத்திவிடும். கூண்டுப் பறவை தன் இறகைத் தானே பிடுங்கும். கோழிகள் ஒன்றையொன்று கொத்தி ரத்தம் வரச் செய்யும். நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். பல நேரங்களில் காரணம் வேறு: பல்லுக்கும் அலகுக்கும் வேலை இல்லை.

வளர்ந்துகொண்டே இருக்கும் பல்

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளரும். முன்பற்கள் மட்டும் வாரத்துக்கு 2 முதல் 3 மி.மீ. வரை வளர்கின்றன. தின்னத் தின்னத் தேய்ந்தால்தான் அளவாக இருக்கும். மெத்தென்ற தவிடும் தானியமும் பல்லைத் தேய்ப்பதில்லை. கடைவாய்ப் பல்லில் முள் போல முனை கிளம்பி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். முயல் பசியோடு தீனியருகே வரும், ஆனால் தின்னாது. வாயோரம் எச்சில் வடியும். தின்பது நின்றால் குடல் இயக்கமும் நின்றுபோகும். அதன் பிறகு காப்பாற்றுவது கடினம். கினிப்பிக்குக்கும் எல்லாப் பற்களும் இப்படியே வளர்கின்றன. வெள்ளெலி, ஹாம்ஸ்டருக்கு முன்பற்கள் மட்டும் வளரும்.

கடைவாய்ப் பல்லைத் தேய்ப்பது நார் மிகுந்த புல். முன்பல்லைத் தேய்ப்பது குச்சி. எனவே முயலுக்கும் கினிப்பிக்குக்கும் புல்தான் சோறு, குச்சி நொறுக்குத்தீனி. தானியமும் அடர்தீவனமும் ஊறுகாய் அளவுக்குப் போதும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கோ-4 தீவனப்புல் எதையும் நிழலில் காயவைத்து எப்போதும் கூண்டில் இருக்கும்படி வைக்கலாம். வேலிமசாலும் குதிரைமசாலும் வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லது. வளர்ந்த முயலுக்குத் தினமும் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து அதிகமாகிச் சிறுநீரில் படியும்.

எதைக் கொறிக்கக் கொடுக்கலாம்?

கொய்யா, மல்பெரி, செம்பருத்திக் குச்சிகள் முதல் தரம். சுண்டுவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில் வெட்டி, பட்டையோடு கொடுக்கலாம். பச்சையாகவும் கொடுக்கலாம், ஒரு வாரம் நிழலில் உலர்த்தியும் கொடுக்கலாம். மணி உதிர்த்த மக்காச்சோளத் தக்கையை முயலுக்குக் கொடுக்க வேண்டாம். துண்டாக விழுங்கிக் குடலில் அடைத்துக்கொள்ளும். மக்காச்சோளத்தின் மேல்தோலை உலர்த்திக் கொடுக்கலாம். முருங்கைத் தழை, அகத்தி, பலா இலை ஆகியவற்றை அளவோடு மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். எந்தப் புதுத் தழையையும் முதல் நாள் நாலு இலை, அடுத்த நாள் எட்டு இலை என்று பழக்க வேண்டும். திடீரென்று மாற்றினால் வயிறு உப்பும், கழியும்.

கினிப்பிக்கின் உடலில் வைட்டமின் சி உற்பத்தி ஆகாது. தினமும் தீனியில் கிடைத்தாக வேண்டும். ஒரு துண்டு கொய்யாப்பழமோ ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையோ அந்தக் குறையைத் தீர்க்கும்.

சாலையோரம், சுரங்கம், அனல் மின் நிலையம் பக்கம் பறித்த தழையில் தூசு படிந்திருக்கும். கழுவி, ஈரம் உலர்ந்த பிறகே போட வேண்டும். பூச்சிமருந்து அடித்த வயலின் தழை கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

தொடவே கூடாதவை

அரளி, மஞ்சள் அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, உண்ணிச்செடி ஆகியவை விஷம். அரளி காய்ந்தாலும் விஷம் போகாது. சாலை நடுவில் பூத்து நிற்கும் அரளியைக் கவாத்து செய்து போட்ட குச்சி பார்க்கக் கொய்யாக் குச்சி போலவே தெரியும். பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டும். வீட்டுக்குள் வளர்க்கும் மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா இரண்டும் வாயைப் புண்ணாக்கும்.

இந்த வட்டாரத்துக்கென்று தனி எச்சரிக்கை மூன்று உண்டு. ஒன்று, முந்திரி. கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைக் கொப்பளிக்க வைக்கும். உரிக்காத கொட்டையும் முந்திரிக் குச்சியும் வேண்டாம். இரண்டு, மரவள்ளி இலையும் இளம் சோளப் பயிரும். இவற்றில் சயனைடு நச்சு உருவாகிறது. மாட்டுக்கே ஆபத்து என்றால் இரண்டு கிலோ முயலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். மனிதன் தின்னத் தயங்கும் கடலையைப் பறவைக்குப் போடுவது தவறு.

வரகிலும் பூஞ்சண நச்சு வரும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தன. வரகை ஏராளமாகத் தின்றிருந்த அவற்றின் உடலில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நச்சு இருந்ததை ஆய்வு காட்டியது. மழையில் நனைந்து கறுத்த கதிரைக் கோழிக்கும் போடக்கூடாது.

சூபாபுல் தழை ஆட்டுக்கு ஆகும். முயலுக்கு முடி கொட்டும். பட்டர் ஃப்ரூட் எனப்படும் அவகாடோ பறவைகளுக்கு விஷம்.

தேடித் தின்பதில் ஒரு சுகம்

சும்மா கிடைக்கும் தீனியைவிட உழைத்துப் பெறும் தீனியை விலங்குகள் விரும்புகின்றன. 1963-ல் ஜென்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளுக்குக் கிண்ணம் நிறையத் தீனி வைத்தார். பக்கத்திலேயே, அழுத்தினால் தீனி விழும் கட்டையையும் வைத்தார். கிண்ணம் நிறைந்திருந்தும் எலிகள் கட்டையை அழுத்தியே தின்றன. 2003-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அமேசான் கிளிகளை வைத்துச் செய்த ஆய்வும் இதையே காட்டியது. தேடித் தின்ன வழி செய்த கூண்டில் இறகு பிடுங்கும் பழக்கம் குறைந்தது.

நம் கிராமத்துக் கோழி இதை எப்போதோ சொல்லிவிட்டது. வயிறு நிறைந்தாலும் குப்பைமேட்டைக் கிளறாமல் இருக்காது. அதை அடைத்து வைத்து மண்ணைப் பறித்தால், அந்தக் கொத்து பக்கத்துக் கோழியின் முதுகில் விழுகிறது.

காசு செலவில்லாத வழிகள் பல உண்டு.

கோழிக்கு: ஒரு மூலையில் வைக்கோலோ சருகோ பரப்பி, அன்றாடத் தீனியில் ஒரு பங்கை அதில் தூவிவிடலாம். கீரைக்கட்டைக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடலாம். குஞ்சுகளுக்குக் கரையான் பானை இருக்கவே இருக்கிறது. பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள செம்மண் தரையில் மாலையில் கவிழ்த்தால், மறுநாள் காலை குஞ்சுகளுக்குப் புரதமும் கிடைக்கும், வேலையும் கிடைக்கும்.

முயலுக்கு: தழையைக் கொத்தாகக் கட்டித் தலை உயரத்தில் தொங்கவிடலாம். மூங்கில் குழாயிலோ பனை ஓலைப் பெட்டியிலோ புல்லைத் திணித்து, நடுவில் நாலு முருங்கை இலையை ஒளித்து வைக்கலாம். ஓலைப் பெட்டியையும் சேர்த்தே கடித்துத் தீர்க்கும், நல்லதுதான். சாயம் பூசிய பெட்டி, பிளாஸ்டிக் நார் கலந்த பெட்டி கூடாது.

பறவைக்கு: கொட்டாங்குச்சியில் விதை போட்டு மேலே காய்ந்த இலையால் மூடலாம். உட்காரும் கம்பு ஒரே பருமனில் இருந்தால் காலில் புண் வரும். வேம்பு, கொய்யாக் கிளைகளை வெவ்வேறு பருமனில் கட்ட வேண்டும். தேங்காய் நார், சணல் நூல் இழையாகத் தொங்கினால் காலில் சுற்றி இறுக்கும், நறுக்கிவிட வேண்டும்.

முதல் வாரம் பாதித் தீனியைக் கிண்ணத்திலேயே வைத்து, மீதியை மட்டும் ஒளித்து வையுங்கள். தேடத் தெரியாத பறவை பட்டினி கிடக்கும். எடை குறைகிறதா என்று பார்த்துக்கொள்வது முக்கியம்.

கடையில் விற்பது நம் தினைதான்

செல்லப்பிராணிக் கடைகளில் உறையில் போட்டு 'மில்லட் ஸ்ப்ரே' என்று விற்பது வேறொன்றுமில்லை, தினைக்கதிர். விதையை உதிர்க்காமல் கதிரோடு தொங்கவிட்டால் பறவை தொற்றிக்கொண்டு ஒவ்வொரு மணியாகப் பிரித்துத் தின்னும். தீனியும் அதுவே, விளையாட்டும் அதுவே.

தினைக்கு 80 முதல் 90 நாள் போதும். ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக வரும். தோட்டத்து ஓரத்தில் நாலு வரி விதைத்தால் வீட்டுப் பறவைகளுக்கு ஆகும். விற்க நினைப்பவர்கள் பூச்சிமருந்து அடிக்காமல் வளர்க்க வேண்டும். கதிர் பழுத்ததும் ஒரு சாண் தாளோடு அறுத்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துப் பெயர் கெட்டுவிடும். உலர்ந்த புல், கொய்யாக் குச்சிக்கட்டு ஆகியவற்றுக்கும் நகர்ப்புறத்தில் வாங்குவோர் உண்டு. விதைப்பதற்கு முன் பக்கத்து ஊர்ப் பறவைக் கடைகளில் எவ்வளவு வாங்குவார்கள், என்ன விலை தருவார்கள் என்று கேட்டுவிட்டு, அந்த அளவுக்கே இறங்க வேண்டும். மிஞ்சினால் நஷ்டமில்லை, தினையை அரிசியாக்கிக்கொள்ளலாம்.

சட்டத்தையும் பாருங்கள்

பச்சைக்கிளி, காட்டு முயல் இவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அறுவடையில் கிடைத்த குட்டி முயலை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். தாய் தேடி வரும். பட்ஜரிகர், காக்டெயில், பண்ணை முயல் வளர்க்கத் தடையில்லை. மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்களைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வாசகர் கேள்விகள்

*முயல் தன் புழுக்கையையே தின்கிறது. சத்துக் குறைவா?*

இல்லை. மென்மையாகக் கொத்துக்கொத்தாக வருவது சத்துள்ள புழுக்கை. அதைத் தின்பது முயலின் இயல்பு, தடுக்கக்கூடாது. அது தின்னப்படாமல் கூண்டில் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்.

*பறவைக்கு அலகு தீட்ட வெள்ளை ஓடு வாங்கச் சொல்கிறார்கள். அது என்ன?*

கணவாய் மீனின் ஓடு. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கிடைக்கும். கடற்கரையிலும் ஒதுங்கும். அங்கு பொறுக்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, வெயிலில் காயவைத்துக் கட்டினால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும்.

*முயல் காலையிலிருந்து தின்னவில்லை. நாளை வரை பார்க்கலாமா?*

பார்க்க வேண்டாம். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். பல்லை வீட்டில் நகவெட்டியால் வெட்டக்கூடாது. பல் பிளந்து வேர் வரை சீழ் பிடிக்கும்.