ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக்: ரெசிப்பி சொல்லும் 'ரூம் டெம்பரேச்சர்' யாருடைய ரூம்?

யூடியூப் பார்த்து ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக் செய்கிறீர்கள். வீடியோக்காரர் கடைசியில், "ரூம் டெம்பரேச்சரில் வைத்துப் பரிமாறுங்கள்" என்கிறார். அவருடைய ரூம் 20 டிகிரி செல்சியஸ். உங்கள் வாடகை வீடு இருப்பது திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்கிலிருந்து நடக்கும் தூரத்தில். டிசம்பர் மதியத்திலும் உங்கள் சமையலறை 30-ஐத் தொடும். பத்து நிமிடத்தில் கிரீம் சரிந்து, மேலே வைத்த பழம் தட்டின் ஓரத்துக்கு வந்திருக்கும்.

இது உங்கள் கைப்பக்குவக் குறை இல்லை. அந்த 10 டிகிரி வித்தியாசத்தை ரெசிப்பி கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கேரளத்துக்கு கேக் ஒன்றும் புதிதல்ல. தலசேரியில் மாம்பள்ளி பாபு கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தது 1883-ல். ஆனால் அந்த வகை பிளம் கேக் வெயிலில் பல நாள் தாங்கும். ஷார்ட்கேக் தாங்காது. காரணம் கிரீம்.

'ஷார்ட்' என்றால் குட்டை இல்லை

கொழுப்பு சேர்த்துப் பிசைந்தால் மாவு இழுபடாமல் உதிரும். ஆங்கிலத்தில் அந்தப் பதத்துக்குப் பெயர்தான் 'ஷார்ட்'. மைதாவில் தண்ணீர் பட்டால் குளூட்டன் என்ற புரத வலை உருவாகும். பரோட்டாவை வீசி இழுக்க முடிவது அதனால்தான். குளிர்ந்த வெண்ணெயை முதலில் மாவில் உதிர்த்துவிட்டால், மாவுத் துகளைக் கொழுப்பு மூடிக்கொள்ளும், வலை நீளாது. பரோட்டா மாஸ்டர் செய்வதற்கு நேர் எதிர் வேலை.

ஷார்ட்கேக்கில் இரண்டு பெரிய வகை. அமெரிக்க வகை மேலே சொன்னபடி உதிரும் பிஸ்கெட் போன்றது. ஜப்பானில் அதே பெயரில் விற்பது மெத்தென்ற ஸ்பாஞ்ச் கேக். (அங்கே ஒவ்வொரு மாதமும் 22-ம் தேதி ஷார்ட்கேக் தினம். காலண்டரில் 22-க்கு நேர் மேலே 15 இருக்கும். ஜப்பானிய மொழியில் 15-ஐ 'இச்சி-கோ' என்று படித்தால் ஸ்ட்ராபெரி. கேக்கின் உச்சியில் பழம்!) முதல் முறை செய்பவர்களுக்கு நான் அமெரிக்க வகையைத்தான் சொல்வேன். முட்டை அடிக்க வேண்டாம், சொதப்பவும் வாய்ப்பு குறைவு.

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்

இப்போது முக்கியமான விஷயம். சூப்பர் மார்க்கெட்டில் 'ஃப்ரெஷ் கிரீம்' என்று கிடைப்பதில் பெரும்பாலும் 25% பால் கொழுப்புதான் இருக்கும். பனீர் பட்டர் மசாலாவுக்கு அது போதும். அடித்தால் நுரைக்காது. குறைந்தது 30% வேண்டும், 35% இருந்தால் நிம்மதி. நானும் ஒரு முறை 25% கிரீமை இருபது நிமிடம் பீட்டரால் அடித்து, பாயசத்தைவிடக் கொஞ்சம் கெட்டியான ஒன்றைத்தான் பெற்றேன்.

கிரீமை அடிக்கும்போது காற்றுக் குமிழிகள் உள்ளே போகின்றன. கொழுப்பு உருண்டைகள் அரைகுறையாக ஒன்றோடொன்று ஒட்டி, அந்தக் குமிழிகளைச் சுற்றி வேலி கட்டுகின்றன. கொழுப்பு குறைந்தால் வேலிக்கு ஆள் பத்தாது. சூடு ஏறினால் கொழுப்பு உருகி வேலி இடியும். அடிப்பதை நிறுத்தாமல் போனால் உருண்டைகள் முழுதாக ஒட்டி வெண்ணெய் திரண்டுவிடும். பாட்டிமார் விடியற்காலையில் தயிர் கடைந்ததும், கோடையில் குளிர்ந்த தண்ணீர் விட்டதும் இதே கணக்குதான். விப்டு கிரீம் என்பது வெண்ணெய்க்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிவிடுவது.

அதனால் கிரீம் 4 டிகிரியில் இருக்க வேண்டும். ராத்திரியே ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். பாத்திரத்தையும் பீட்டர் கம்பிகளையும் ஃப்ரீசரில் 20 நிமிடம் வைத்து, பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் மேல் உட்கார வைத்து அடியுங்கள். ஒரு முறைக்கு 200 மில்லிக்கு மேல் வேண்டாம்.

25% கிரீம்தான் கிடைத்ததா? சின்னக் கணக்கு. 200 கிராம் கிரீமில் கொழுப்பு 50 கிராம். உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம் சேர்த்தால் அதிலிருந்து சுமார் 32 கிராம் வரும். மொத்தம் 240 கிராமில் 82, அதாவது ஏறக்குறைய 34%. கிரீமை மிதமாகச் சூடாக்கி வெண்ணெயை உருக்கி, ஆறியதும் மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓட்டி, இரவு முழுக்கக் குளிரவையுங்கள். கடையில் வாங்கும் டெய்ரி விப்பிங் கிரீம் அளவுக்கு நிற்காது. கரண்டியில் அள்ளி வைக்கும் பதத்துக்கு வரும்.

பேக்கரி கேக் மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் அது 'நான்-டெய்ரி விப் டாப்பிங்'. பின்பக்கம் படித்தால் தண்ணீர், சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று வரிசையாக இருக்கும். 2022 ஜனவரி முதல் உணவுக் கொழுப்புகளில் டிரான்ஸ் ஃபேட் 2%-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. டிரான்ஸ் ஃபேட் குறைந்தாலும் அது நிறைவுற்ற கொழுப்புதான், பாலும் அல்ல. வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம், ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

பழம்

இந்தியாவில் ஸ்ட்ராபெரி என்றாலே மகாபலேஷ்வர். 2010-ல் புவிசார் குறியீடும் வாங்கிய ஊர். கேரளத்தில் விளைவது மூணாறை ஒட்டிய வட்டவடை, காந்தளூர் பக்கம். அங்கே தமிழ் பேசும் விவசாயிகள் அதிகம். வட்டவடையிலிருந்து திருவனந்தபுரம் 300 கிலோமீட்டருக்கு மேல். பறித்த பிறகு ஸ்ட்ராபெரி பழுக்காது, வாழை மாதிரி காத்திருந்து பயனில்லை. அதனால் லாரிக்குத் தாங்கட்டும் என்று சீக்கிரம் பறித்த பழம் வெளுத்துப் புளிப்பாகவே வீட்டுக்கு வரும்.

அதற்கு மருந்து சர்க்கரை. 400 கிராம் பழத்தைக் கழுவி, பிறகு காம்பு நீக்கி, நறுக்கி, 50 கிராம் சர்க்கரையில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். சாறு தானே இறங்கும். அந்தச் சாறுதான் கேக்கை நனைக்கப்போகிறது, கொட்டிவிடாதீர்கள்.

செய்யும் வரிசை

பழம் ஊறும் நேரத்தில் மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், சர்க்கரை 50 கிராம், சிட்டிகை உப்பு கலந்து, ஃப்ரீசரில் 15 நிமிடம் வைத்த வெண்ணெய் 100 கிராமைத் துருவிச் சேருங்கள். விரல் நுனியால் மட்டும் உதிருங்கள். உள்ளங்கைச் சூடு போதும் அதை உருக்க. குளிர்ந்த பால் 140 மில்லி விட்டு, சேர்ந்து வந்ததும் நிறுத்துங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் கல் ஆகிவிடும். ஒரு அங்குல கனத்தில் தட்டி, டம்ளரால் வட்டமாக வெட்டி, ஓடிஜி-யில் 200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம்.

கேக் முழுதாக ஆறட்டும். இளஞ்சூட்டில் கிரீம் வைத்தால் இவ்வளவு வேலையும் வீண். விருந்தாளி கையில் தட்டைக் கொடுத்த பிறகுதான் கேக்கைப் பிளந்து, பழம், சாறு, கிரீம் என்று அடுக்க வேண்டும். போட்டோ எடுக்க இரண்டு நிமிடம் தரலாம்.

மார்ச் தாண்டினால் நல்ல ஸ்ட்ராபெரி தேடி அலையாதீர்கள். செங்கவருக்கை மாம்பழம் வரத் தொடங்கும் காலம் அது, இதே கேக்கில் அதை நறுக்கி வைக்கலாம். சர்க்கரைகூட வேண்டாம்.