வார்டு மாறினால் வாழ்வு குறையுமா?

"நாற்பது வயதில் நர்சம்மாவுக்குப் புதுப் படிப்பா? இருபது ஆண்டாகப் பார்த்த வேலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டியதுதானே!"

இப்படி ஏளனம் பேசுவோர் உண்டு தோழர்களே! அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்வோம்.

இலண்டன் மாநகரம். உலகப் போர் மூண்டிருந்த 1940. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்தார் சிசிலி சாண்டர்ஸ். 1944-ல் தேறினார். நோயாளியைத் தூக்கவேண்டும், புரட்டவேண்டும், தாங்கவேண்டும். அவர் முதுகோ தாங்க மறுத்தது. வார்டு வேலை இனி ஆகாது என்றாயிற்று.

முடங்கினாரா? மூலையில் அமர்ந்தாரா? 1947-ல் மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். சாவை நோக்கிக் கிடந்தோரின் வேதனையைக் கண்டார். மருத்துவர் கைவிரித்த பிறகும் அவர்களுக்குச் செய்யவேண்டியது மலைபோல் கிடப்பதை உணர்ந்தார். முப்பது வயதைக் கடந்தபின் மருத்துவக் கல்லூரி மாணவியானார், 1957-ல் மருத்துவரானார்! 1967-ல் தென் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். நோவு தணிக்கும் மருத்துவம் நாடெங்கும் பரவ வித்தூன்றிய இடம் அது. பழைய அனுபவம் பாழாயிற்றா? செவிலியாக இருந்து பெற்ற கனிவுதானே அந்த இல்லத்துக்கு அடித்தளம்!

நம் நாட்டிலும் வாசல் உண்டு. புற்றுநோய், மனநலம், பச்சிளங்குழந்தை, தீவிர சிகிச்சை என்று பல துறைகளில், பணிபுரியும் செவிலியர் பயில, ஓராண்டுப் பட்டயப் படிப்புகளை வகுத்திருக்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். பழைய வார்டில் தலைவி, புதிய வார்டில் மாணவி. இளையவரிடமும் கேட்டுக் கற்கவேண்டும். அதில் இழிவு ஏது?

ஆனால், ஓராண்டு ஊதியமின்றிப் படித்தால் அடுப்பு எரியுமா? ஒப்பந்தத்தில் உழைப்பவர் விடுப்புக் கேட்கத் துணிவாரா?

1953-ல் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது குலக்கல்வித் திட்டம். கொதித்தெழுந்தோம், 1954-ல் அது குழிக்குப் போயிற்று. பிறந்த குடிசையோடு மகனைக் கட்டாதே என்று முழங்கிய நாம், சேர்ந்த வார்டோடு செவிலியைக் கட்டலாமா?

பயிற்சிக் காலத்துக்கு ஊதியம், பணிமூப்புக்குப் பாதுகாப்பு, படித்த துறையிலேயே பணியிடம்! தறியிலும் பட்டறையிலும் உழைக்கும் தோழர்களே, இம்மூன்றையும் உங்கள் சங்க மேடையிலும் முழங்குங்கள். நாளை நீங்கள் நோயில் படுத்தால், உங்கள் தலைமாட்டில் நிற்கப்போகிறவர் அவர்தானே!