சுவரில் படம் மாட்டுதல்

ஓவியர் இரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். அங்கு வண்ணத்தில் அச்சான தெய்வத் திருவுருவங்கள், கண்ணாடியும் மரச்சட்டமும் பெற்று, எளியோர் மனைகளையும் அடைந்தன. பின்னர் முன்னோரின் நிழற்படங்களும் அவற்றோடு சுவரில் இடம்பெற்றன. மறைந்த பாட்டனாரின் ஒரே படம் வீழ்ந்து நொறுங்குமாயின், கண்ணாடியை மீண்டும் வாங்கலாம். படத்தை வாங்க இயலாது. அதன் கீழே குழந்தை துயில்வதும் உண்டு.

படம் வீழ்ந்தால் ஆணியைப் பழிப்போர் பலர். பெரும்பாலும் பிழை ஆணியினது அன்று. அது பற்றிய இடத்தினது. செங்கற்சுவரின்மேல் உள்ள சுண்ணாம்பு அல்லது சிமெண்டுப் பூச்சு மிக மெல்லியது. குட்டை ஆணி அப்பூச்சை மட்டுமே பற்றி நிற்கும். நாளடைவில் பூச்சு உதிர, ஆணி ஆடத் தொடங்கும். செங்கல்லில் நேரே அறைந்தாலோ கல் சிதைந்து துளை அகலும். ஆதலின் தச்சர், உளியால் சுவரைத் துளைத்து, மரமுளை ஒன்றை அதனுள் இறுக அடித்து, அம்முளையில் ஆணியை அறைவர். பச்சை மரம் இதற்கு ஆகாது; உலருங்கால் சுருங்கித் தளர்ந்துவிடும். 1911ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பார் சணல் நாராலாகிய சிறு குழாய்முளையை அமைத்தார். திருகாணி உட்செல்லச் செல்ல அம்முளை விரிந்து சுவரை நெருக்கும். இன்று கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் முளைகள் அதன் வழிவந்தனவே. மின்பொத்தானுக்கு நேர்மேலும் நேர்கீழும் சுவருக்குள் மின்கம்பி செல்லக்கூடுமாதலின், அவ்விடங்களில் துளையிடுதல் கூடாது.

அடுத்தது கயிறு. படத்தின் இருபுற வளையங்களிலும் கயிற்றைக் கட்டி, நடுவே ஆணியில் மாட்டுகிறோம். கயிறு தளர்ந்திருந்தால் வலிமை குறையும் என எண்ணி, அதனை விறைப்பாகக் கட்டுவோர் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஆறு கிலோ எடையுள்ள படத்தைக் கருதுவோம். கயிற்றின் இரு பாதிகளும் கிடைமட்டத்திற்கு 60 பாகை சாய்ந்திருப்பின், ஒவ்வொன்றிலும் உள்ள இழுவை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. சாய்வு 30 பாகையாயின் ஆறு கிலோ. 15 பாகையாயின் பதினொன்றரைக் கிலோவையும் சற்றே கடக்கும். படத்தின் எடையோ ஆணி தாங்கும் சுமையோ மாறவில்லை. கயிறும் வளையங்களுமே வீண் துன்பம் உறுகின்றன. ஆணியின் தலை சற்றே மேல்நோக்கி இருக்குமாறு சாய்த்து அறைந்தால் கயிறு வழுவாது.

வாயிற்படிக்குமேல் உயரத்தில் அமையும் படங்களுக்குப் பழைய வீடுகளில் கண்ட முறை இவற்றினும் சிறந்தது. படத்தின் அடிச்சட்டம் இரண்டு ஆணிகளின்மேல் அமர்ந்திருக்கும். மேற்புறம் ஒரு கயிற்றால் தளைக்கப்பட்டு முன்னே சாய்ந்திருக்கும். எடையின் பெரும்பகுதியைக் கீழாணிகள் தாங்க, முன்னே கவிழாமல் தடுப்பதே கயிற்றின் வேலை. கீழிருந்து நோக்குவோர்க்கும் உருவம் நன்கு புலப்படும்.

பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும்போது படங்களை இறக்குவர். கயிற்றை ஆராய்வதற்கு அதுவே ஏற்ற காலம். ஈரமாலைகளினின்று வடியும் நீரால் கயிறு மெல்ல இற்றுப்போகும். முன்னே முழுமையாய்த் தோன்றும் கயிறும், சட்டத்தின் பின்புறத்தில், வளையத்தைச் சூழ்ந்த முடிச்சில், ஓரிரு இழைகளால் மட்டுமே தொங்கிக்கொண்டிருக்கக் காணலாம்.