பேட்டரி முனையில் பூக்கும் உப்பு

சாவியைத் திருப்பியதும் காரின் இயந்திரம் ‘டிக்’ என்ற ஓசையோடு நின்றுவிட்டால் பழி பேட்டரியின் மீதே விழுகிறது. எனினும் பல வேளைகளில் கோளாறு பேட்டரிக்குள் இல்லாமல், அதன் ஈய முனையும் கம்பியின் கவ்வியும் தொட்டுக்கொள்ளும் சிறு பரப்பில் படிந்த உப்பில் இருக்கிறது. விளக்குகள் எரிகின்றனவே என்று காட்டி இணைப்பு நன்றாக இருப்பதாகக் கொள்வது தவறு. முகப்பு விளக்குகள் ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டத்தையே இழுக்கின்றன. இயந்திரத்தை முதலில் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 150 ஆம்பியர் வரை, சில கார்களில் அதற்கு மேலும் வேண்டியிருக்கிறது. மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு, அந்தத் தொடுமிடத்தில் 0.02 ஓம் கூடினாலே போதும்: ஓம் விதிப்படி 10 ஆம்பியருக்கு இழப்பு வெறும் 0.2 வோல்ட்டாக இருக்க, 150 ஆம்பியருக்கு அது 3 வோல்ட்டாகி, 12 வோல்ட் பேட்டரியின் வலிமையில் கால்பங்கு அங்கேயே வெப்பமாகக் கழிந்துவிடுகிறது.

இந்த உப்பு ஒன்றல்ல, இரண்டு. பேட்டரி மின்னேற்றம் பெறும்போது அதிலுள்ள நீரின் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழிகளாக வெளியேறுகிறது. அவற்றோடு நுண்துளிகளாகவும், முனையைச் சுற்றியுள்ள அடைப்பின் விரிசல் வழியாகவும் கந்தக அமிலம் கசிந்து ஈயத்தைத் தாக்குவதால் வெண்மையான ஈய சல்பேட் உண்டாகிறது. கவ்விக்குள் இருக்கும் செம்புக் கம்பியை, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு அமிலம் அரிப்பதால் தோன்றும் நீலநிறப் படிவமோ, நாட்டு மருந்துக் கடைகளில் மயில்துத்தம் என விற்கப்படும் செம்பு சல்பேட்டேயாகும். ஈய சல்பேட் நீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். அது ஈயத்தின் மேல் படலமாகப் படிந்து அமிலத்தைத் தடுப்பதால்தான், 1746-இல் பர்மிங்காமில் ஜான் ரோபக் கந்தக அமிலம் தயாரிக்க ஈய அறைகளைப் பயன்படுத்த முடிந்தது. அங்கே காப்பாக நின்ற அதே படலம், மின்சாரத்தை எளிதில் கடத்தாததால், இங்கே தடையாகிறது.

வெந்நீரை ஊற்றிவிடும் வழக்கம் பாதி வேலையையே செய்கிறது: மயில்துத்தம் கரைந்தோடுகிறது, ஈய சல்பேட் அசைவதில்லை, இடுக்குகளில் அமிலமும் எஞ்சக்கூடும். குளிர்பானமான கோலாவை ஊற்றுவது, அதிலேயே பாஸ்பாரிக் அமிலம் இருப்பதால், அமிலத்தை அமிலத்தால் கழுவும் விந்தை. ஒரு தம்ளர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால், அது அமிலத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டு நுரைக்கிறது. புதிதாக ஊற்றியும் நுரை வராவிட்டால் அமிலம் தீர்ந்தது எனக் கொள்ளலாம். எஞ்சும் வெண்படிவத்தை ஈரம் உலரும் முன்பே கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ, ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து நீக்க வேண்டும். ஈயச் சேர்மங்கள் நஞ்சு என்பதால் தூள் பறக்கவிடக் கூடாது, கையுறையும் கண்ணாடியும் அவசியம். சோடாக் கரைசல் பேட்டரிக்குள் புகுந்தால் உள்ளிருக்கும் அமிலத்தையும் கெடுத்துவிடும் என்பதால் மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, இயந்திரத்தை நிறுத்தி, எதிர்முனைக் கவ்வியையே முதலில் கழற்ற வேண்டும். காரின் உலோக உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையை முதலில் தொடும் ஸ்பேனர் தவறி உடலில் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, தெறிக்கும் பொறி தேங்கியிருக்கும் ஹைட்ரஜனைப் பற்றவைத்துவிடக்கூடும். மீண்டும் பொருத்தும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். பெட்ரோலியம் ஜெல்லியைக் கவ்வியை இறுக்கிய பிறகே வெளிப்புறத்தில் பூசுவது நல்லது. அது மின்கடத்தி அன்று, ஈரத்தையும் அமிலப் புகையையும் அண்டவிடாத பூச்சு மட்டுமே.

சில வாரங்களிலேயே உப்பு மறுபடியும் பூத்தால் மீண்டும் மீண்டும் தேய்ப்பதில் பயனில்லை. இயந்திரம் ஓடும்போது முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தச் சீராக்கி பழுதாகி, பேட்டரி மிகையாக மின்னேற்றம் பெறுகிறது என்று ஐயுற இடமுண்டு; அளவு சரியாக இருந்தால் முனையைச் சுற்றியுள்ள அடைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.