கார் சிநேகிதருடையது, கால் என்னுடையது

பிரேக் பவர் சர்டிபிகேட் இல்லாமல் ரயிலைக் கிளப்ப விடாதவன் நான். ஆனால் சென்ற ஆண்டு நாக்பூர் அருகே, சிநேகிதரின் காரில் எதுவும் கேட்காமல் ஏறினேன். இருட்டில் விளக்கின்றி நின்ற லாரியில் கார் மோதி, என் கால் முறிந்தது. காரின் இன்ஷூரன்ஸோ காலாவதி!

இனி இழப்பீடு ஏது என்றிருந்தேன். வக்கீல் திருத்தினார். ஓட்டியவர் மீது தவறிருந்தால் கார் சொந்தக்காரரே பொறுப்பு. லாரி மீதும் தவறிருந்தால், முழுத் தொகையையும் லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமே கோரலாம். 2015-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. வசிக்கும் ஊருக்குரிய மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். 6 மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி பில்கள் பத்திரம்.

சிநேகிதர் மீதே மனுவா என்று தயங்கினேன். "போடுங்க சார், தப்பு என்னோடது" என்று அவரே கைத்தாங்கலாக அழைத்துப் போனார்.

அன்பர்களே, இன்றே உங்கள் பாலிசியின் தேதியைப் பாருங்கள்.