குதிக்கத் தெரியாத ஹீரோ: லோட் ரன்னர்

மரியோ குதிப்பான். கான்ட்ரா ஆளுங்க பல்டி அடிச்சே குதிப்பாங்க. பிளாட்ஃபார்ம் கேம்னாலே ஒரு பட்டன் குதிக்கத்தான். ஆனா நாம சின்ன வயசுல டிவி கேம்ல சொருகின அந்த '999999 இன் 1' கேசட்டுகள் பலதுல குதிக்கவே தெரியாத ஒருத்தனும் இருந்தான். ஏணி ஏறுவான், கம்பியில தொங்கிட்டே போவான், தரையில குழி தோண்டுவான். அவ்ளோதான். கேம் பேரு லோட் ரன்னர். கம்பைநல்லூர்ல எங்க தெருப் பசங்களுக்கு அது வெறும் 'குழி கேம்'. ரெண்டு லெவல் ஆடிட்டு, போர் அடிக்குதுன்னு கான்ட்ராவுக்குத் தாவிடுவோம்.

இப்போ, நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சப்புறம், அதை மறுபடி ஆடிப் பாருங்க. வேற மாதிரி தெரியும்.

ஒரே ஒரு விதி

லெவல்ல இருக்குற தங்கத்தை எல்லாம் எடுக்கணும். எடுத்ததும் மேலே போக ஏணி தோன்றும். துரத்துற காவலாளிகளைச் சுட முடியாது. குழி தோண்டி விழவைக்கலாம், விழுந்தவன் தலைமேலயே நடந்து போகலாம். குழி கொஞ்ச நேரத்துல தானா மூடிக்கும். மூடும்போது நீங்க உள்ளே இருந்தா, காலி.

முக்கியமான விதி இதுதான்: உங்க காலுக்கு நேர் கீழே தோண்ட முடியாது. இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு கல் தள்ளித்தான் தோண்டலாம். அந்தக் கல்லுக்கு மேலே காலியா இருக்கணும்.

சாதாரணமா தெரியுதா? மூணு அடுக்கு செங்கலுக்குக் கீழே ஒரு தங்கம் இருக்குன்னு வைங்க. மேல் அடுக்குல 3 கல், அடுத்ததுல 2, கடைசில 1. மொத்தம் 6 குழி. n அடுக்குன்னா n(n+1)/2. அதோட, தூரத்துல இருக்குற கல்லை முதல்ல தோண்டிட்டு, பின்னாடி நகர்ந்துகிட்டே வரணும். மாத்தித் தோண்டினா குழியைத் தாண்ட முடியாது, ஏன்னா இவனுக்குத்தான் குதிக்கத் தெரியாதே! முதல்ல தோண்டினது முதல்ல மூடும்ங்கிறதால நேரமும் கணக்கு. டேட்டா ஸ்ட்ரக்சர் லேப்ல 'எந்த ஆர்டர்ல செய்யணும்'னு மண்டையைப் பிச்சுக்கிட்டோமே, அதே வேலைதான் இது.

2012-ல் ஜியோவானி விக்லியெட்டா என்ற ஆய்வாளர் பல பழைய கேம்களை ஆராய்ஞ்சு, லோட் ரன்னர் 'என்பி-ஹார்டு' வகைன்னு நிரூபிச்சார். அதாவது எந்த லெவலைக் கொடுத்தாலும் ஜெயிக்க முடியுமா முடியாதான்னு வேகமா சொல்ற பொதுவான அல்காரிதம் இதுவரை யாருக்கும் தெரியாது.

செஞ்சது யாரு?

நம்ம கேசட்ல செஞ்சவர் பேரே இருக்காது. அவரும் நம்மள மாதிரி ஒரு காலேஜ் ஸ்டூடன்ட். டக்ளஸ் ஸ்மித், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் படிச்சவர். காலேஜ் கம்ப்யூட்டரில் நண்பரோடு தொடங்கின கேமை வளர்த்து ஆப்பிள் 2-க்குக் கொண்டுவந்தார். பிரோடர்பண்ட் நிறுவனம் 1983-ல் அதை 150 லெவல்களோட வெளியிட்டது. அடுத்த வருஷம் ஜப்பானின் ஹட்சன் சாஃப்ட் அதை நிண்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு 50 லெவல்களோட மாத்தியது. நம்ம டிவி கேம் எல்லாம் அந்த ஃபேமிகாமோட நகல்கள்தான். அந்த மெஷினோட ராம் வெறும் 2 கேபி. இன்னைக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கூட அதுல அடங்காது.

நாம தவறவிட்டது

மெனுவுல 'எடிட்'னு ஒண்ணு இருந்தது. நாமளே லெவல் கட்டலாம். ஜப்பான்ல அதை ஆடியோ கேசட்ல சேமிக்க தனியா ஒரு டேட்டா ரெக்கார்டர் வித்தாங்க. நம்ம நகல் மெஷினோட அது வரல. 2012-ல் பவர் கட் உச்சத்துல இருந்த காலம் ஞாபகம் இருக்கா? கரண்ட் போனா, கட்டின லெவலும் போச்சு. டிசைன் பண்ற வாய்ப்பு கேசட்டுக்குள்ளயே இருந்தும், நம்ம கைல ஒண்ணும் தங்கல.

இப்போ அந்தச் சாக்கு இல்ல. 'லோட் ரன்னர் டோட்டல் ரீகால்'னு தேடுங்க, பிரவுசர்லயே ஆடலாம், எடிட்டரும் இருக்கு. ஒரு லெவல் கட்டி ஹாஸ்டல் ரூம்மேட்கிட்ட கொடுங்க. ஆனா கொடுக்குறதுக்கு முன்னாடி, நீங்க ஒரு தடவை ஜெயிச்சுக் காட்டணும். என்பி-ஹார்டு, மறந்துடாதீங்க!