வெட்டுத்துணியில் ஒரு போர்வை



"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று நம்ம பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. சரி, கசக்கினாலே கிழிஞ்சு போற கந்தையை என்ன செய்யறது? டெய்லர் அக்கா கடையில் மிஷினுக்குக் கீழே விழுந்து கிடக்கிற வெட்டுத்துணியை என்ன செய்யறது? பெரும்பாலும் கூட்டி அள்ளி, ஊர்க்கோடியில் போட்டுத் தீ வைக்கிறாங்க. பாலியஸ்டர் கலந்த துணி எரிஞ்சா வர்ற கரும்புகை எப்படி நெஞ்சை அடைக்கும் என்று, காலையில் அந்த வழியாக சைக்கிளில் வர்ற எல்லோருக்கும் தெரியும். அந்தத் துணியில் பாதியையாவது தீயிலிருந்து காப்பாற்றிப் போர்வையாக்கலாம். அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நான்கு பேர் சேர்ந்து, அங்கன்வாடிக் குழந்தைகளுக்காக ஒரு போர்வை தைத்து முடித்திருக்கிறோம். மத்தியானம் சாப்பிட்டதும் அந்தக் குழந்தைகள் சிமெண்ட் தரையில் பாயைப் போட்டுத்தான் தூங்குவாங்க. மார்கழி மாதத்தில் அந்தத் தரையைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினோம்.

ஒட்டுப்போர்வை என்றால் என்ன?

சின்னச் சின்னத் துணித் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து மேல்துணி செய்ய வேண்டும். நடுவில் பழைய துணி அடுக்கு. கீழே ஒரு அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஊசி நூலால் ஓட்டினால் ஒட்டுப்போர்வை. அவ்வளவுதான்!

இது ஏன் கதகதப்பாக இருக்கிறது? எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டோம். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அடுக்குகளுக்கு நடுவில் காற்று அசையாமல் மாட்டிக்கொள்கிறது. அதனால் நம்ம உடம்புச் சூடு வெளியே போவது குறைகிறது. தரையின் குளிர்ச்சியும் சட்டென்று மேலே ஏறுவதில்லை. ஒரே கனமான துணியைவிட, மெல்லிய துணி நாலைந்து அடுக்காக இருந்தால் நல்லது என்று சொல்வது இதனால்தான்.

எந்தத் துணி ஆகும்? எது ஆகாது?

1. காட்டன் துணி முதல் தரம். ஜாக்கெட் பிட், லைனிங் துணி, பாவாடைத் துணி, பழைய யூனிஃபார்ம் எல்லாம் நல்லது.

2. பனியன் துணி இழுத்தால் நீளும். அதை நீளாத துணியோடு சேர்த்துத் தைத்தால் தையல் சுருங்கிக்கொண்டு அலை அலையாக நிற்கும். நம்ம ஊரைச் சுற்றிப் பனியன் கம்பெனிகள் இருப்பதால் கட்டிங் வேஸ்ட் நிறையக் கிடைக்கும். ஆனால் பனியனைப் பனியனோடு மட்டும் சேருங்கள். இல்லையென்றால் மேல்துணிக்கு வேண்டாம், நடு அடுக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

3. காட்டனா பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால், ஒரு நூலை உருவி எரித்துப் பார்க்க வேண்டும். காட்டன் நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கருப்பு மணி மாதிரி உறைந்துவிடும். இதைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யவும். உருகின சொட்டு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

4. எந்தத் துணியானாலும் முதலில் துவைத்துக் காய வைக்கணும். புதுத்துணி தண்ணீரில் நனைந்தால் சுருங்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். தைத்த பிறகு சாயம் விட்டால் மொத்தப் போர்வையும் பாழ்.

செய்முறை

எங்கள் போர்வையின் அளவு 3 அடி அகலம், 4 அடி நீளம். அதாவது 36 அங்குலம், 48 அங்குலம். தைத்த பிறகு ஒவ்வொரு கட்டமும் 6 அங்குலம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அகலத்தில் 6 கட்டம், நீளத்தில் 8 கட்டம், ஆக 48 கட்டங்கள்.

தையலுக்கு நாலு பக்கமும் அரை அங்குலம் விட வேண்டும். அதனால் ஒவ்வொரு துண்டையும் 7 அங்குலச் சதுரமாக வெட்டினோம். பழைய காலண்டர் அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்துக்கொண்டால், அதை வைத்து எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி வெட்டலாம். பாவு நூல் ஊடு நூல் போகிற திசையிலேயே நேராக வெட்டணும். கிராஸாக வெட்டினால் ஓரம் இழுத்துக்கொண்டு சதுரம் கோணலாகிவிடும்.

துண்டுகளைத் தரையில் பரப்பி, எது பக்கத்தில் எது வரணும் என்று பார்ப்பதுதான் ரொம்ப சந்தோஷமான வேலை. சண்டையும் அப்போதுதான் வரும்! "ரெண்டு பச்சை பக்கத்துல பக்கத்துல வேண்டாம்டி" என்று ஒருத்தி சொல்ல, "இருக்கட்டுமே, வயலே பச்சை பக்கத்துல பச்சைதான்" என்று இன்னொருத்தி சொல்ல, அன்றைக்கு ஒரு தையல்கூடப் போடவில்லை.

பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து, வரிசையாக்கி, வரிசைகளை ஒன்றோடொன்று தைக்க வேண்டும். தைத்த இடத்தை இஸ்திரி போட்டால் நல்லது. இஸ்திரிப் பெட்டி இல்லையென்றால் விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்தாலே மடிப்பு படிந்துவிடும்.

நடு அடுக்குக்கும் அடித்துணிக்கும் ஒரே ஒரு பழைய நூல் சேலை போதும். சேலை ஏறக்குறைய 18 அடி நீளம் இருக்கும். அதை நான்காக வெட்டினால் ஒவ்வொன்றும் நாலரை அடி. மூன்றை அளவாக வெட்டி நடுவில் வைக்கலாம். நான்காவது அடித்துணி. அது நாலு பக்கமும் 3 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். கடைசியில் அதையே மேலே மடித்து எம்மிங் செய்தால் அழகான பார்டர் வந்துவிடும்.

எல்லா அடுக்கையும் பரப்பி, சுருக்கமில்லாமல் நீவி, அங்கங்கே பெரிய தையலாகப் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டுத்தையல். ஊசியை மேலே கீழே, மேலே கீழே என்று ஓட்டிக்கொண்டே போவது. இரண்டு விரல் இடைவெளியில் வரி வரியாகப் போடணும். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போனால் சுருக்கம் வெளியே தள்ளப்படும். இந்தத் தையல் இல்லையென்றால் இரண்டு முறை துவைப்பதற்குள் உள்ளே இருக்கும் துணியெல்லாம் ஒரு மூலையில் உருண்டு போய்விடும்.

கணக்கு சார் கேட்ட கேள்வி

"போர்வையோட பரப்பு 1728 சதுர அங்குலம். நீங்க வெட்டின துணியோட பரப்பு என்ன?" என்று கணக்கு சார் கேட்டார். 48 துண்டு, ஒவ்வொன்றும் 7 × 7 = 49. மொத்தம் 2352. அப்படியானால் 624 சதுர அங்குலத் துணி தையலுக்குள்ளேயும் ஓரத்துக்குள்ளேயும் போய்விட்டது!

துண்டைச் சின்னதாக்கி, தைத்த பிறகு 3 அங்குலம் வருகிற மாதிரி வைத்தால்? 192 துண்டு வேண்டும். ஒவ்வொன்றும் 4 × 4 = 16. மொத்தம் 3072. தையலுக்குள் போவது 1344. துண்டு சின்னதாகச் சின்னதாகப் போர்வை அழகாகத் தெரியும். ஆனால் துணியும் அதிகம் தின்னும், நேரமும் அதிகம் தின்னும். பெரிய துண்டு கிடைத்தால் அதைப் பெரிசாகவே விட்டுவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

★ வங்காளத்தில் பழைய சேலை, வேட்டிகளை அடுக்கித் தைப்பதற்குக் காந்தா என்று பெயர். பழைய சேலை பார்டரிலிருந்து உருவின நூலிலேயே பூவும் மீனும் தைப்பார்களாம். வடமொழியில் கந்தா என்றால் ஒட்டுப்போட்ட பழந்துணி. நம்ம 'கந்தை'யும் அந்தச் சொல்லுக்குச் சொந்தம்தான் என்று தமிழம்மா சொன்னார்.

★ கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தைக்கும் ஒட்டுப்போர்வை காவந்தி. ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் போய் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்து வைக்கும் முக்கோணத் துண்டுக்குப் பூலா, அதாவது பூ என்று பெயர்.

★ அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கருப்பினப் பெண்கள், குளிருக்காகக் கிழிந்த வேலைத்துணிகளில் போர்வை தைத்தார்கள். 2002-ஆம் ஆண்டு ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் அவை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டி வைக்கப்பட்டன. 2006-இல் அமெரிக்கத் தபால்துறை அந்தப் போர்வைகளின் படத்தோடு 10 தபால்தலைகள் வெளியிட்டது.

★ 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்த பிறகு, ஆரோவில் பக்கத்தில் இருக்கும் மீனவப் பெண்கள் வெட்டுத்துணியில் 'சுனாமிகா' என்ற குட்டிப் பொம்மை செய்தார்கள். அதை விலைக்கு விற்பதில்லை. அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள்.

சேர்ந்து தைப்பதில் என்ன இருக்கிறது?

தனியாகத் தைத்தால் கழுத்து வலிக்கும். நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்து தைத்தால் நேரம் போவதே தெரியாது. கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது! பாடம் ஒப்பிப்போம், விடுகதை போடுவோம், வீட்டில் நடந்ததைச் சொல்வோம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயத்தைக்கூட ஊசியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை உண்டு. மாம்பழக் கலர் துண்டு, என் அம்மிச்சிக்குப் பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த சேலை. "எதுக்குக் கண்ணு அந்தக் கந்தலு?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் இன்னும் இரண்டு சேலை எடுத்துக் கொடுத்தார். ரோஸ் கலர் துண்டு ஒரு தோழியின் தங்கச்சி பாவாடை. ஊதாக் கட்டம் போட்ட துண்டைக் கொடுத்தவள் அது யாருடையது என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதை நடுவில் வைத்தோம்.

எங்கள் நால்வரில் ஒருத்தி பீகாரிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். இரண்டு வருஷமாகக் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வாள். தமிழ் தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்று பயம். முதல் நாள் நாங்கள் துணியை அடுக்கிக்கொண்டு முழித்தபோது, அவள்தான் ஊசியை வாங்கி வேகமாக நாலு வரி ஓட்டிக் காட்டினாள். "எங்க ஊர்ல இது சுஜனி. பாப்பா பொறந்தா பாட்டி தைப்பாங்க. பழைய துணிதான் பாப்பாவுக்கு மெத்துனு இருக்கும்" என்றாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. முசாபர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்ற ஊர் சுஜனிக்குப் பேர் போனதாம். இப்போது எங்கள் குழுவுக்கு அவள்தான் டீச்சர். நாங்கள் தையல் தப்பாகப் போட்டால் நல்ல தமிழிலேயே திட்டுகிறாள்!

"இது பொம்பளைப் புள்ளைங்க வேலை" என்று கிண்டல் செய்கிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் எத்தனை பேருடைய அப்பாவும் மாமாவும் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்துத்தான் வீட்டுக்கு அரிசி வாங்குகிறார்கள்? யோசித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்புத் தம்பிகள் இரண்டு பேர் போன சனிக்கிழமை வந்தார்கள். நூல் கோர்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஒரு வேண்டுகோள்

அங்கன்வாடிப் போர்வையைக் கொடுத்தாயிற்று. இரண்டு குழந்தைகள் ஒன்றாக அதன் மேல் படுக்கலாம். ஆனால் அங்கே 14 குழந்தைகள். இன்னும் ஆறு போர்வை வேண்டும்.

அதற்கு முன்னால் இன்னொரு போர்வை அவசரமாகத் தைக்க வேண்டியிருக்கிறது. கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டதால், முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஊருக்கே திரும்பினாலும் திரும்பிவிடுவோம் என்று எங்கள் பீகார் தோழி சொல்லியிருக்கிறாள். போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. போவதாக இருந்தால், நம்ம பள்ளிக்கூடத்தின் துணியாலேயே ஒரு போர்வை அவளோடு ரயிலில் போக வேண்டும். போகவில்லையென்றாலும் போர்வை அவளுக்குத்தான்!

ஆகவே, ஆறாம் வகுப்பு முதல் எல்லோரும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். ஏழு அங்குலத்துக்குக் குறையாமல், துவைத்த துணியாக இருக்கட்டும். பழைய யூனிஃபார்ம் என்றால் ரொம்ப சந்தோஷம். ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம், அதில் போடலாம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு வேப்பமரத்தடிக்கு வாங்க. ஊசி நாங்கள் தருகிறோம். கத்தரிக்கோல் இருந்தால் கொண்டு வரவும். எங்களிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் மொண்ணை.

புதிர்: அதே 36 × 48 அங்குலப் போர்வையில், தைத்த பிறகு ஒவ்வொரு கட்டமும் 4 அங்குலம் இருக்க வேண்டும். எத்தனை துண்டு வெட்ட வேண்டும்? தையலுக்குள் எவ்வளவு துணி போகும்? விடை அடுத்த இதழில். சரியாகச் சொல்பவருக்கு நாங்கள் தைத்த பென்சில் பை ஒன்று பரிசு!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி
(தையல் குழுவுக்காக)